ஏலாது

கல்முனைக் கிளையில் லீவுப் படிவங்கள்
என் மேசைக்குத்தான் வரும்.
எட்டு வருசமாய் வருகுது.
காய்ச்சல், வயிற்றோட்டம், காதுகுத்து,
மாமியின் கத்தம்,
மறுகா, மாசக்கடைசி நெருங்கினால்
எல்லாருக்கும் ஒரே நாளில் தடிமன்.
நானும் மூன்று தரம் பல்வலி போட்டிருக்கிறேன்.
முப்பத்திரண்டும் முறுக்குக் கடிக்கும்.

ஜெனோஜனின் படிவத்தில்
காரணம் என்ற கோட்டுக்கு மேலே
ஒரே ஒரு சொல்:
ஏலாது.

சேனைக்குடியிருப்பு, நற்பிட்டிமுனை, பெரியநீலாவணை
அவனுடைய வட்டம்.
ஓட்டோத் தவணை, தையல் மெசின் தவணை,
கட்டிமுடியாத வீட்டின் கூரைத் தவணை.
கதவுக்குப் பின்னால் தாய் சொல்லிக்கொடுக்க
"அம்மா இல்ல" என்ற பிள்ளை
தானாகவே சேர்த்ததாம்:
"நாளைக்கும் இருக்க மாட்டா."
தேத்தண்ணி நேரத்தில் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.
நாங்களும் சிரித்தோம்.
அவனுடைய கோப்பையில்
பால் ஆடை கட்டிக் கிடந்தது.

போன செவ்வாய் கல்லாற்றுப் பாலத்தில்
ஒன்றரை மணித்தியாலம் நின்றிருக்கிறான்.
ஹெல்மெட் கழற்றவில்லை.
எஞ்சினையும் நிற்பாட்டவில்லை.
பதினான்கு மிஸ்ட் கோல்.
ஒன்பது அஸ்மீர் சேருடையது.
இரண்டு என்னுடையது,
ரசீதுப் புத்தகம் எங்கே என்று கேட்க எடுத்தது.

"தண்ணி எப்பிடிக் கிடந்தது?" என்றேன்,
வேறொன்றும் கேட்க வராமல்.
"ஒண்டும் தெரியல்ல, ராத்தா."

இதற்கு முன்னம் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார்,
மன அழுத்தம் குறைக்கும் பயிற்சி,
சனிக்கிழமை, எங்கள் லீவு நாளில்.
நாலு எண்ணும்வரை மூச்சை இழுங்கள்,
நாலு எண்ணும்வரை வைத்திருங்கள் என்றார்.
எண்ணுவது எங்களுக்குப் பழக்கம்.
வருகைப் பதிவில் ஒப்பமிட்ட பிறகுதான்
மூச்சை விட்டோம்.

கணினியில் காரணங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு.
மரணம் உண்டு, மகப்பேறு உண்டு, நாய்க்கடி கூட உண்டு.
விரல் பழக்கத்தில் காய்ச்சலுக்குப் போனது.
திரும்பி வந்து
'வேறு' என்பதை அமுக்கி
மூன்றெழுத்தையும் தட்டினேன்.

பின்னேரம் தலைமைக் கந்தோரிலிருந்து கோல்.
"ஏலாது என்றால்? வேலைக்கு வர மறுக்கிறாரா?"
"இல்லை சேர்.
எங்கட பக்கம் காய்ச்சல்காரனுக்கும் ஏலாது,
மூட்டை தூக்கி முதுகு விட்டவனுக்கும் ஏலாது.
சொல் ஒன்றுதான்.
எந்த ஏலாது என்று விசாரிச்சுக்கொண்டு நிற்க மாட்டம்.
கஞ்சி காய்ச்சிக்கொண்டு போவம்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அஸ்மீர் சேர் கத்துவார் என்று
கதவைச் சாத்தி வைத்திருந்தேன்.
"எத்தினை நாள்?" என்றார்.
"பத்து."
வெண்பலகையில் சிவப்பாய்க் கிடந்த பெயரை
உள்ளங்கையாலேயே அழித்தார்.
இலக்கத்தை அழிக்க அவருக்கு அதிகாரமில்லை.
நாற்பத்திரண்டு வீடு.
ஆறு பேர் பிரித்துக்கொண்டோம், ஆளுக்கு ஏழு.
வெயிலுக்கு இறங்காத நான்
ஏழு படலையிலும் நின்றேன்.
ஐந்தில் ஆளில்லை என்றார்கள், ஆட்களே.
ஒன்றில் தண்ணி தந்தார்கள்.
ஏழாவதில் நானே தட்டாமல் திரும்பினேன்.

பதினோராம் நாள் வந்தான்.
ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டருடன் கதைக்கிறானாம்,
இரண்டு கிழமைக்கொரு தரம், வியாழன்.
சுகமாகிவிட்டது என்று சொல்லவில்லை.
வியாழக்கிழமைகளில் அவனுக்கு வட்டம் போடாதே என்று
சுவரில் ஒரு துண்டு ஒட்டினேன்.
அடுத்த மாசம் இலக்கம் நாற்பத்தாறு ஆனது.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நேற்று இன்னொரு படிவம்.
அஸ்மீர் சேருடைய கையெழுத்து.
காரணம் என்ற கோட்டுக்கு மேலே
அதே சொல்,
பென்சிலால், மெல்லிசாய்,
யாராவது கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடிய மாதிரி.

அழிறப்பர் என் மேசையில்தான் கிடந்தது.
எடுத்து
லாச்சிக்குள் போட்டேன்.